இரண்டாம் தாள் நட்சத்திரங்கள்

ஒரு நட்சத்திரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எவ்வளவு தூரம் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒருவர் ஒளியாண்டில் சொல்வார், இன்னொருவர் பார்செக்கில் சொல்வார், மூன்றாமவர் ஒரு கோணத்தைக் கையில் கொடுத்து, நீயே வகுத்துக்கொள் என்று போய்விடுவார். எனக்கோ அந்தத் தூரந்தான் வேண்டியிருந்தது.

வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரு வரைபடம் செய்துகொண்டிருந்தேன். சூரியனை நடுவில் வைத்து, நமக்கு அக்கம்பக்கத்தில் இருக்கிற நட்சத்திரங்களை எல்லாம் அதனதன் இடத்தில் நிறுத்த வேண்டும். மவுஸைப் பிடித்து அந்த உருண்டையை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம். ஏதாவதொரு நட்சத்திரத்தைத் தட்டினால், அங்கே போய் நின்றுகொண்டு, நம்முடைய சூரியன் எந்த மூலையில் தெரிகிறது என்று பார்க்கலாம். இது எதற்கு என்று கேட்காதீர்கள். கேட்டவர்கள் எல்லாரும் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் சீரியல் பார்க்கிறார்கள், சிலர் அடுத்த வீட்டைப் பார்க்கிறார்கள், நான் இதைப் பார்க்கிறேன். அவ்வளவுதான்.

என் பெயர் நிஷாந்தினி. ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகிற பஸ்ஸில் இருந்து இறங்கி, மேலே ஏறினால் வருகிற ஊத்துமலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பதுளை டவுனில் ஜௌபர் நானாவின் கடையில் வேலை செய்கிறேன். போட்டோகொப்பி, டைப்பிங், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. கடைக்குப் புது மெஷின் வந்தபோது பழையதை நானா எனக்குக் கொடுத்துவிட்டார். தட்டினால் தூங்கும், திட்டினால் எழும்பும், அப்படி ஒரு மெஷின்.

தூரத்தைத் தேடி நான் பட்ட பாட்டைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பெரிய பட்டியல்கள் இருந்தன. அவற்றில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள். கடையில் இறக்கி, பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால், என் மெஷின் மூச்சை நிறுத்திவிடும். சிறிய பட்டியல்களும் இருந்தன. அவற்றில் ஒன்றில் இருக்கிற நட்சத்திரம் இன்னொன்றில் இருக்காது. கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் நான் இதையே கிண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஜௌபர் நானா ஒருநாள் கேட்டார்.

"என்ன மகள், வானத்துல காணி வாங்கப் போறீங்களா?"

"ஆமா நானா. கீழதான் ஒரு பேர்ச் காணி கூட நம்ம பேருக்குத் தரமாட்டேங்கிறாங்களே."

அவர் சிரித்துவிட்டு, பிரின்டரில் தாளை அடுக்கப் போனார்.

கடைசியில் ஒன்று மாட்டியது. யாரோ ஒரு புண்ணியவான், பழைய புத்தகம் ஒன்றிலிருந்து முப்பது ஒளியாண்டுக்கு உட்பட்ட நட்சத்திரங்களின் பட்டியலைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். கிட்டே இருப்பது முதலில், தூரத்தில் இருப்பது கடைசியில் என்று வரிசையாக இருந்தது. நேர்த்தியான பட்டியல். ஒரே ஒரு குறை, அது எழுத்தாக வரவில்லை, படமாக வந்தது. பிரதி எடுத்து ஒட்ட முடியாது. பெயர்களையும் திசைகளையும் வேறொரு இடத்திலிருந்து முன்பே எடுத்துப் போட்டிருந்தேன். தூரத்துக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதைக் கையால்தான் அடிக்க வேண்டும். படத்தைக் கடையில் பிரின்ட் எடுத்தேன். பொடி எழுத்தில் இரண்டு தாள்கள் வந்தன.

தாளை ஒரு கண்ணாலும் திரையை ஒரு கண்ணாலும் பார்த்து அடித்ததில் வரிக்கு வரி தடுமாறினேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தாளை இங்க குடு. நான் வாசிக்கிறேன், நீ அடி. எனக்கு வாசிக்கிறதுதானே வேலை."

உண்மைதான். புவனேந்திரன் எங்கள் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பெண்கள் மலையில் பறித்து மூட்டையாகக் கொண்டுவருகிற கொழுந்தை மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகையில் தொங்குகிற தராசில் மாட்டி, எத்தனை கிலோ என்று சத்தமாகச் சொல்லி, பெயருக்கு நேரே எழுதுகிறவர். காலையில் ஒரு நிறுவை, பின்னேரம் ஒரு நிறுவை. தராசில் எண் ஓடுகிற திரை அவர் பக்கம் பார்த்திருக்கும். அவர் சொல்வதுதான் எடை.

கணக்கப்பிள்ளைமாரைத் தோட்டத்துப் பெண்கள் நல்லவிதமாகப் பேசுவது அபூர்வம். இவரை அப்படிப் பேசுவார்கள். மழையில் நனைந்து வருகிறவளை முன்னுக்கு விடுவார், யாரையும் அடியே என்று கூப்பிடமாட்டார், வயதானவர்களுக்கு மூட்டையைத் தானே தூக்கி மாட்டுவார். அப்படி ஒருத்தர் என்னை விரும்பிக் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. தராசைப் பிடிக்கிற ஆளைக் கட்டினால் ஊர் வாய் சும்மா இருக்காது என்று அம்மாதான் பயந்தாள். "என் கையில தராசு தப்பாது அத்தை," என்று இவர் அம்மாவின் முன்னால் நின்று சொன்னார். அதைக் கேட்டுத்தான் அம்மா சம்மதித்தாள்.

முதல் ஞாயிறு முதல் தாளை முடித்தோம். அவர் விரலை வைத்து, வரி தப்பாமல் வாசித்தார். "சீரியஸ், எட்டுப் புள்ளி ஆறு. எழுதிட்டியா? திருப்பிச் சொல்லு." நான் திருப்பிச் சொன்னால்தான் அடுத்ததற்குப் போவார். பிள்ளைக்குச் சோறூட்டுவது மாதிரிப் பொறுமை. இப்படி ஒரு மனிதர் எனக்குக் கிடைத்தாரே என்று, அடிக்கிற அடிக்கு நடுவே நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் ஞாயிறு இரண்டாம் தாள். பதினைந்து ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பவை எல்லாம் அதில்தான் இருந்தன. அன்றைக்கு அவருக்கு வேகம் பிடித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மடுவத்துக் குரல் வந்துவிட்டது. எண்ணை இழுத்துச் சொல்லி, கடைசியில் ஒரு வெட்டு வெட்டுவாரே, அந்தக் குரல்.

"அல்ட்டேர்... பதிமூணு! அடுத்தது! வேகா... இருபத்திரெண்டு! அடுத்தது!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நட்சத்திரங்கள் தலையில் மூட்டையோடு வரிசையில் நிற்பதுபோல் இருந்தது.

"புள்ளியெல்லாம் எங்க போச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"அவ்வளவு தூரத்துல சில்லறை எதுக்கு? போடு."

அதுவும் சரிதான் என்று போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் தாள் முடிந்துவிட்டது.

இப்போது என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் என் மனதில் நட்சத்திரம் பாதி, அம்மா பாதி.

அம்மா இராக்கம்மா, கீழ் லயத்து வரிசை வீடுகளில், நான் பிறந்த அதே காம்பரா அறையில் தனியாக இருக்கிறாள். அப்பா போய் வெகுகாலம். சின்ன வயதில் நான் பார்த்த அம்மாவின் கைகள் கொழுந்துமேல் இறங்குவதும் தெரியாது, ஏறுவதும் தெரியாது. அவளோடு ஒரே நிரையில் நிற்கப் பெண்கள் பின்வாங்குவார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு வருடமாக அரைப்பேர் விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைநாள். அம்மாவுக்குப் பதினாறு, பதினேழு என்றே நின்றுகொண்டிருந்தது.

"கொழுந்து கைக்கு வரமாட்டேங்குது புள்ள," என்பாள். பின்னேரம் வந்து தண்ணீரில் கையை ஊறவைத்துக்கொண்டு, அது யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருப்பாள். மலையில் சாப்பாட்டு நேரத்தைச் சுருக்கினாள். மற்றவர்கள் இறங்கிய பிறகும் நின்று பறித்தாள். அப்படியும் பதினேழு.

நான் என் கணவரிடந்தான் கேட்டேன். அவரைவிட யாருக்குத் தெரியும்?

"அத்தைக்குக் கை போயிருச்சு நிஷா," என்றார். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு வருத்தத்தோடு சொன்னார். "நான் தினமும் பாக்குறேன்ல. மூட்டை வரவரச் சின்னதாகுது. கண்ணால பாக்க முடியல. பேரை வெட்டிக்கிட்டு வீட்டுல இருக்கச் சொல்லேன்."

பேரை வெட்டிக்கொள்வது என்றால், வேலையிலிருந்து தானாக விலகிக்கொள்வதாக ஆபீசில் எழுதிக்கொடுப்பது. அதன்பிறகு காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் அந்தப் பெயரைக் கூப்பிடமாட்டார்கள். சிறுபெண்ணாகச் சேர்ந்த நாளில் இருந்து அம்மா அந்தப் பெயரைக் கேட்டுத்தான் தினமும் மலைக்குப் போயிருக்கிறாள். நான் போய்ச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு, "கை போயிருச்சும்மா, விட்டுரு," என்று நானே சொன்னேன். அவள் முதலில் சண்டை பிடித்தாள், பிறகு அழுதாள், பிறகு சரி என்றாள். வருகிற திங்கட்கிழமை எழுதிக்கொடுப்பது என்று முடிவாயிற்று. கடிதத்தை நானே கடையில் அழகாக டைப் பண்ணிக்கொண்டுவந்தேன். கெட்டிக்காரி நான்.

இந்தக் கவலையோடுதான் வரைபடத்தை ஓட்டிப் பார்த்தேன். நட்சத்திரங்கள் எல்லாம் வந்து நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது ஏதோ இடித்தது. முப்பது ஒளியாண்டில் எல்லையாக ஒரு மெல்லிய வட்டம் போட்டிருந்தேன். பட்டியலோ அந்த எல்லைவரை வந்திருந்தது. ஆனால் என் உருண்டையில் ஓரமெல்லாம் வெறிச்சென்று இருந்தது. வட்டத்துக்கு உள்ளே ஒரு விரல் அகலத்துக்கு ஒரு நட்சத்திரம் இல்லை. நடுப்பகுதியிலோ ஒரே நெரிசல், திருவிழாக் கூட்டம்.

பிழை என்னுடையது என்றுதான் நினைத்தேன். வேறு யாரை நினைப்பது? தூரத்தையும் திசையையும் சேர்த்து இடம் கண்டுபிடிக்கிற கணக்கை மறுபடி எழுதினேன். கோணத்தை மாற்றிப் பார்த்தேன். அளவுகோலை மாற்றிப் பார்த்தேன். வாரம் முழுக்கக் கடையிலும் அதே யோசனை. ஒரு அம்மாளின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைத் தலைகீழாகப் போட்டோகொப்பி எடுத்து நானாவிடம் பேச்சு வாங்கினேன். எனக்குப் படிப்பு போதாது, லயத்துப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று என்னையே திட்டிக்கொண்டேன். அடித்த எண்களைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை வாசித்தவர் அவர் அல்லவா!

பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தது. கடை பூட்டு, தோட்டத்திலும் வேலை இல்லை. சாப்பிட்டுவிட்டு அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேறு வழி தெரியாமல்தான் இரண்டு தாள்களையும் எடுத்தேன். முதல் தாளில் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். சீரியஸ் சரி. புரோசியோன் சரி. கடைசி வரிவரை ஒரு புள்ளி பிசகவில்லை. இரண்டாம் தாளுக்கு வந்தேன். அல்ட்டேர், தாளில் பதினாறு புள்ளி ஏழு. என் மெஷினில் பதின்மூன்று. வேகா, தாளில் இருபத்தைந்து. மெஷினில் இருபத்திரண்டு. அடுத்தது, அதற்கடுத்தது. புள்ளிக்குப் பின்னால் இருந்ததெல்லாம் போய், அதற்குமேல் மூன்று குறைந்திருந்தது. ஒன்றில் கூடவும் இல்லை, இன்னொன்றில் குறையவும் இல்லை. தாள் முழுக்க மூன்று, மூன்று, மூன்று.

கண் பிசகினால் இப்படி ஒழுங்காகப் பிசகாது.

தாளைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். "வேகாவை ஒருக்கா வாசிங்க."

பார்த்தார். "இருபத்தஞ்சு."

"அன்னைக்கு இருபத்திரெண்டுன்னு சொன்னீங்க. இதுல இருக்கிற அத்தனையிலயும் மூணு குறைச்சுச் சொல்லியிருக்கீங்க."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அடக் கடவுளே! பழக்கத்துல வந்திருக்கும்."

"எந்தப் பழக்கத்துல?"

அப்போதுதான் அவர் சிரிப்பு நின்றது. சொன்னது என்ன என்று சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். டிவியில் யாரோ சோப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஈயாடவில்லை அந்த முகத்தில்.

"பைக்கும் தண்ணிக்கும் ஒரு கிலோ கழிக்கிறது தோட்டத்து முறை," என்றேன். "மடுவத்துல போர்டுல எழுதியிருக்கு, எல்லாருக்கும் தெரியும். நட்சத்திரத்துக்கு ஏது பை, ஏது தண்ணி? சரி, அந்த ஒண்ணைப் பழக்கம்னு வெச்சுக்குவோம். மத்த ரெண்டு என்னா?"

"நிஷா, நீ நினைக்கிற மாதிரி இல்ல."

"நான் ஒண்ணும் நினைக்கல. கேக்குறேன்."

அவர் டிவியை நிறுத்தினார். "மடுவத்துல நிறுக்கறது ஒண்ணு, ஃபெக்டரியில நிறுக்கறது ஒண்ணு. லொறியில போறதுக்குள்ள காய்ஞ்சு குறையும். குறைஞ்சா என் தலையிலதான் விழும். போன வருஷம் ரெண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டாங்க. அதான் முன்கூட்டியே கொஞ்சம்... எல்லாக் கணக்கப்பிள்ளையும் செய்றதுதான்."

"எல்லாருக்குமா வெட்டுறீங்க?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். யாருக்கும் ஓரவஞ்சனை இல்ல." இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்துவிட்டது.

"அம்மாவுக்கும்?"

"அத்தைக்கு மட்டும் வெட்டாம விட்டா மத்தப் பொம்பளைங்க சும்மா இருப்பாங்களா?"

நிறுவைக்கு இரண்டு கிலோ. ஒரு நாளைக்கு நான்கு கிலோ. அம்மா இருபதும் இருபத்தொன்றும் பறித்துக்கொண்டிருந்தாள். சாப்பிடாமல் நின்று பறித்ததெல்லாம் அந்தத் திரையில் விழுந்திருக்கிறது. அதை இவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, வாயால் வேறொன்று சொல்லியிருக்கிறார். வெட்டினார், சரி. பயத்தில் வெட்டினார் என்றே வைத்துக்கொள்வோம். தோட்டத்து ஆபீசுக்குப் பயப்படாத ஆள் யார்? அதைக்கூட நான் ஒரு மாதிரி விழுங்கியிருப்பேன். ஆனால் இன்னொன்று இருந்தது.

"கை போயிருச்சுன்னு என்கிட்ட சொன்னது?"

அவர் தாளை என்னிடம் திருப்பி நீட்டினார்.

"மூட்டை வரவரச் சின்னதாகுதுன்னு சொன்னீங்களே. கண்ணால பாக்க முடியலன்னு சொன்னீங்களே."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பாக்க முடியலங்கிறது நெசந்தான். நான் எண்ணைச் சொன்னதும் அத்தை போகாது. அப்படியே நின்னு என் மூஞ்சியப் பாக்கும். 'கனமா இருந்துச்சே மாப்புள்ள'ன்னு கேக்கும். கோபமா இல்ல, சும்மா கேக்கும். தினமும் ரெண்டு தடவை. எனக்கு முடியல நிஷா. வீட்டுல இருந்தா அதுக்கும் நிம்மதி, எனக்கும்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. வெட்டுவதை நிறுத்த அவரால் முடியவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. அதனால் அம்மாவை நிறுத்திவிடப் பார்த்தார். அந்த வேலையை அவர் செய்யவில்லை, என்னைக்கொண்டு செய்வித்தார். என் நாக்கை எடுத்து, என் அம்மாவின் கையை வெட்டினார். கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்கினேன்.

அம்மா காம்பரா வாசலில் உட்கார்ந்து கொழுந்துப் பையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா, சுத்தமாகக் கொடுக்க வேண்டுமாம்.

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நட்சத்திரத்தைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது, அதையும் சொன்னேன். அம்மா துவைப்பதை நிறுத்தினாள்.

"அப்ப என் கை?" என்றாள் கடைசியில்.

"உன் கைக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் அது வரவில்லை.

"மாப்புள்ள வெளியாளு," என்றாள். "நீயுந்தானே புள்ள சொன்ன, கை போயிருச்சுன்னு. நீ சொன்னதாலதான் நான் நம்புனேன்."

அம்மா பையைப் பிழிந்து கொடியில் போட்டாள். உள்ளே போய் அந்தக் கடிதத்தை எடுத்துவந்து, நான்காக மடித்து, அடுப்புப் பற்றவைக்கிற காகிதங்களோடு வைத்தாள்.

"பெரட்டுக்குப் போறேன்," என்றாள்.

திங்கட்கிழமை ஜௌபர் நானாவிடம் அரைநாள் கேட்டுக்கொண்டு, பின்னேர நிறுவைக்கு மடுவத்துக்குப் போனேன். பெண்கள் மூட்டைகளோடு வரிசையில் நின்றார்கள். மழைக்குத் தலையில் போட்டிருந்த படங்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. சுற்றிப் போய், தராசின் திரை தெரிகிற பக்கத்தில், அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் வெளிக்கள உத்தியோகத்தர் போனில் பேசிக்கொண்டு நின்றார். கணக்கப்பிள்ளையின் மனைவிதானே என்று அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அம்மாவின் முறை வந்தது. மூட்டையை என் கணவரே தூக்கி மாட்டினார். திரை ஓடி, பதினான்கில் நின்றது. பையும் தண்ணியும் கழித்தால் பதின்மூன்று. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எல்லாம் அறிந்தவள் என்பது அவருக்குத் தெரியும், திரை எனக்குத் தெரிகிறது என்பதும் தெரியும். எனக்குள்ளே ஒரு முட்டாள், இந்த ஒரு தடவை சரியாகச் சொல்லிவிடுவார் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"இராக்கம்மா... பதினொண்ணு!"

அம்மா நகரவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பதினாலு," என்றேன் நான். மடுவத்துத் தகரத்தில் பட்டு வருகிற அளவுக்குச் சொன்னேன். "போர்டுல போட்ட மாதிரி ஒண்ணு கழிச்சா பதிமூணு."

உத்தியோகத்தர் போனைக் காதிலிருந்து எடுத்தார். என் கணவர் பேனாவைப் பிடித்தபடி நின்றார். அம்மாவுக்குப் பின்னால் நின்ற ரெங்கம்மாதான் முதலில் அசைந்தாள். தன் மூட்டையைத் தானே தூக்கித் தராசில் மாட்டினாள்.

"எனக்கும் நீயே வாசி புள்ள," என்றாள்.

அன்றைக்கு வரிசை முடியும்வரை நான்தான் வாசித்தேன். அவர் எழுதினார். உத்தியோகத்தர் தடுக்கவில்லை. ஃபெக்டரிக்குப் போன எடை குறைந்ததா, அதற்கு யாரை யார் கேட்டார்கள் என்பதெல்லாம் வேறு கதை. மறுநாளிலிருந்து தராசைத் திருப்பித் தொங்கவிட வேண்டும் என்று பெண்கள் பிடிவாதமாக நின்றார்கள். இப்போது திரை வரிசையைப் பார்த்திருக்கிறது. அம்மாவுக்கு முழுப்பேர் விழுகிறது. என்னோடு பேசுகிறாள், முன்போல் இல்லை, பேசுகிறாள்.

நானும் அவரும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். சமைக்கிறேன், சாப்பிடுகிறார். கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்த ஞாயிறு மெஷினைப் போட்டு, இரண்டாம் தாளின் தூரங்களை எல்லாம் அழித்தேன். கட்டங்கள் மறுபடி வெறுமையாயின. ஒரு கண்ணைத் தாளில் வைத்து அடிக்கத் தொடங்கினேன். வரிக்கு வரி தடுமாறத்தான் செய்தது. அவர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து, பழைய இடத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

"தாளைக் குடு நிஷா. நான் வாசிக்கிறேன்." குரல் மிகவும் இறங்கியிருந்தது. "இந்தத் தடவை சரியா வாசிப்பேன்."

"உங்களுக்குச் சரியா வாசிக்கத் தெரியும்னு எனக்குத் தெரியும்," என்றேன். "முதல் தாள்ல ஒரு பிழை இல்ல."

அவர் கை நீட்டியபடியே இருந்தது. நான் தாளை என் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு, வேகாவுக்கு நேரே இருபத்தைந்து என்று அடித்தேன்.